ஹோம்லைட் எக்ஸ்எல்-12: புதுப்பிக்கப் பழகுபவருக்கு ஏற்ற பழைய செயின்சா

பழைய செயின்சாக்களை (பெட்ரோல் என்ஜினில் ஓடும் மரம் அறுக்கும் ரம்பங்களை) வாங்கிப் பிரித்து, சீர்செய்து, மறுபடி ஓட வைப்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் பலருக்கு வார இறுதி வேலை. அதில் புதிதாக இறங்குபவர் எந்த மெஷினில் முதலில் கை வைக்கலாம் என்று கேட்டால் என் பதில் ஹோம்லைட் எக்ஸ்எல்-12. இதைவிடப் பெரியவை, அரியவை, அதிக விலை போகிறவை எத்தனையோ உண்டு. ஆனால் டூ ஸ்ட்ரோக் என்ஜினில் எந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்பதைக் குறைந்த செலவில் ஒளிவுமறைவில்லாமல் காட்டித் தருவது இதுதான். அதே சமயம், அன்றாடம் மரம் அறுக்க ஒரு ரம்பம் வேண்டும் என்று இதை வாங்கக் கூடாது. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

ஹோம்லைட் நியூயார்க் மாநிலத்தின் போர்ட் செஸ்டரில் வளர்ந்த நிறுவனம். தூக்கிச் செல்லக்கூடிய மின் ஜெனரேட்டரில் தொடங்கி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செயின்சாவுக்கு வந்தது. 1955-இல் டெக்ஸ்ட்ரான் குழுமத்துக்கும் 1994-இல் ஜான் டியருக்கும் கைமாறியது. எக்ஸ்எல்-12 1960-களில் வந்த மாடல். பெயரில் உள்ள 12, பவுண்டு கணக்கில் அதன் எடை; பாரும் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) செயினும் இல்லாமல் 6 கிலோவுக்குள் அடங்கும். அன்றைய ரம்பங்களின் நடுவே அது பெரிய விஷயம். சிலிண்டர் விட்டம் 1¾ அங்குலம், ஸ்ட்ரோக் 1⅜ அங்குலம், கொள்ளளவு 54 சி.சி. இதன் உடன்பிறப்பான சூப்பர் எக்ஸ்எல் அதே ஸ்ட்ரோக்கில் விட்டம் மட்டும் 1/16 அங்குலம் கூடி 58 சி.சி. ஆகிறது. பல உறுப்புகள் இரண்டுக்கும் பொது என்பதால், பழுதான சூப்பர் எக்ஸ்எல் மலிவாகக் கிடைத்தால் உதிரிக்காக எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

உடல் முழுக்க மெக்னீசியம் வார்ப்பு. பிளாஸ்டிக் மிகக் குறைவு. மேல்மூடியைக் கழற்றினால் ஏர் ஃபில்டர், அதன் அடியில் கார்புரேட்டர். இடப்புறம் ஸ்டார்ட்டர், அதற்குப் பின்னால் காந்தம் பதித்த சக்கரமான ஃப்ளைவீல், ஃப்ளைவீலுக்கு அடியில் ஸ்பார்க்குக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயிண்டும் அதற்குத் துணையான கண்டென்சரும். வலப்புறம் கிளட்ச். முன்னால் சைலன்சர். இன்றைய ரம்பங்களில் கார்புரேட்டரை எட்டவே பாதி மெஷினைப் பிரிக்க வேண்டியிருக்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை. காற்றும் பெட்ரோலும் ரீட் வால்வு (மெல்லிய இதழ்கள் திறந்து மூடும் வால்வு) வழியாக உள்ளே போகின்றன. யமஹா ஆர்எக்ஸ் 100 என்ஜினைப் பிரித்துப் பார்த்தவருக்கு இந்த ஏற்பாடு பழக்கமானதுதான்.

வாங்கும்போது

"போன வருஷம் ஓடிச்சு" என்ற பேச்சை வைத்து விலை பேசக் கூடாது. ஒரு ஸ்பானர், ஒரு திருப்புளி, சின்ன டார்ச் இருந்தால் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

முதலில் பிளக் மாட்டியிருக்கும்போதே ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தொங்க விடுங்கள். கயிறு சரசரவென்று ஓடி மெஷின் விழப் பார்த்தால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) போய்விட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் தயங்கித் தயங்கி இறங்கினால் நல்லது. கேஜ் இருந்தால் பல முறை இழுத்து அளவு பாருங்கள்: 120 பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) மேல் என்றால் தாராளமாக எடுக்கலாம்; 100-க்குக் கீழே என்றால் உதிரிப் பொருளுக்கான விலை மட்டும் கொடுங்கள்.

அடுத்து சைலன்சரைக் கழற்றிப் புகைத்துளை வழியாக பிஸ்டனைப் பாருங்கள். இந்த ஒரு சோதனை மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். விற்பவர் கழற்ற விடவில்லையென்றால் நகர்ந்துவிடுங்கள். பிஸ்டன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஆழமான கோடுகள் தெரிந்தால் ஒரு முறை சீஸ் ஆன, அதாவது பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு இறுகி நின்ற என்ஜின் அது. மெல்லிய கோடுகள், பழுப்புக் கறை இவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். கார்பன் தடிமனாகப் படிந்திருந்தால் அந்தக் காலத்து 16-க்கு 1 கலவையில் (16 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்) ஓடியது என்று பொருள், சுரண்டினால் போய்விடும்.

மூன்றாவது, டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வார்னிஷ் நாற்றம் அடித்தால் பழைய பெட்ரோல் காய்ந்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்துவிடலாம். வெள்ளையாக மாவு போல் பூத்திருந்தால் தண்ணீர் மெக்னீசியத்தைத் தின்றிருக்கிறது. குழி எவ்வளவு ஆழம் என்று கம்பியால் தட்டிப் பாருங்கள். ஓட்டை விழுந்த டேங்க், விரிசல் விட்ட கைப்பிடி, பார் பதியும் இடத்தில் திரெட் போன போல்ட் துளை ஆகியவை விலையைப் பாதியாக்கும் குறைகள். ஃபில்டர் மூடி, ஸ்டார்ட்டர் மூடி, கிளட்ச் மூடி மூன்றும் இருக்கின்றனவா என்று எண்ணிக்கொள்ளுங்கள். காணாமல் போன மூடியைத் தேடி வாங்கும் செலவில் இன்னொரு முழு மெஷினே வாங்கிவிடலாம்.

கம்ப்ரஷனும் பிஸ்டனும் நன்றாக இருந்து, ஸ்பார்க்கும் ஓட்டமும் இல்லாத மெஷின்தான் நமக்கு வேண்டியது. அதற்கு 50 டாலருக்கு மேல் தர மாட்டேன். "ஓடும் நிலையில்" என்று அதைப் போல மூன்று மடங்கு கேட்பவரிடமிருந்து வாங்குவதில் லாபமில்லை. பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் டயஃப்ரம் (உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு) இரண்டையும் எப்படியும் நீங்கள் மாற்றத்தான் போகிறீர்கள்.

ஸ்பார்க்

பிரிப்பதற்கு முன் வெளியழுக்கை எடுத்துவிடுங்கள். பிளக் மாட்டியபடியே, கார்புரேட்டர் வாயில் துணி அடைத்து, மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு தேய்த்தால் மரப்பிசினோடு இறுகிய தூள் கழன்றுவிடும். பிரஷர் வாட்டர் அடிக்காதீர்கள், ஃப்ளைவீலுக்கு அடியில் தண்ணீர் தங்கிவிடும்.

பல ஆண்டு சும்மா கிடந்த எக்ஸ்எல்-12-இல் ஸ்பார்க் வராததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பாயிண்ட் முகங்களில் படிந்த துரு. காயிலைச் சந்தேகிப்பது கடைசியில்தான். ஃப்ளைவீல் நட்டைத் தளர்த்த பிஸ்டனை நிறுத்த வேண்டும். அதற்கு இரும்புக் கம்பியை விடாமல், பிளக் துளை வழியாகப் பழைய ஸ்டார்ட்டர் கயிற்றைத் திணியுங்கள். பிஸ்டன் மேலேறிப் புகைத்துளையை மூடிய பிறகே கயிறு உள்ளே போக வேண்டும். இல்லையென்றால் துளையில் சிக்கிக் கயிறு அறுந்து உள்ளே கிடக்கும். ஃப்ளைவீலைத் திருப்புளி கொடுத்து நெம்பினால் விசிறி இதழ்கள் உடையும். புல்லர் போட்டு எடுப்பதே முறை. கழற்றியதும் சாவியை, அதாவது ஃப்ளைவீலைக் கிராங்க் தண்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டைப் பாருங்கள். அது பாதி வெட்டுப்பட்டிருந்தால் டைமிங் நகர்ந்து, இழுக்கும்போது கையை உதைக்கும்.

பாயிண்ட் முகங்களை 400 நம்பர் எமரி பேப்பரால் லேசாகத் தேய்த்து, அசிட்டோனில் நனைத்த அட்டைத் துண்டை இடையில் விட்டு இழுங்கள். எமரித் தூள் இடையில் நின்றால் ஸ்பார்க் வராது, ஆகவே அட்டை சுத்தமாக வெளிவரும் வரை இழுக்க வேண்டும். இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. பிளக் சாம்பியன் சிஜே6, அதன் இடைவெளி 0.025 அங்குலம். கண்டென்சர் கெட்டிருந்தால் பாயிண்ட் முகங்களுக்கு இடையே நீல ஒளி பளிச்சென்று தெரியும், பாயிண்டும் சீக்கிரம் கருகும். காயிலை மறுபடி பொருத்தும்போது காந்தத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை வைத்து இறுக்கினால் போதும். சுவிட்சுக்குப் போகும் ஒயர் உடம்பில் உரசி இன்சுலேஷன் போயிருப்பதும் அடிக்கடி காணும் கோளாறு. அதை விலக்கி வைத்து ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

பெட்ரோல் வழி

ஸ்பார்க் வந்ததும் ஒரு தேக்கரண்டி கலவையைக் கார்புரேட்டர் வாயில் ஊற்றி இழுங்கள். இரண்டு மூன்று நொடி ஓடி நின்றால் என்ஜின் நல்லது, கோளாறு பெட்ரோல் வரும் வழியில். ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்க வேண்டாம். அதில் ஆயில் கிடையாது, வறண்ட சிலிண்டரில் பிஸ்டன் உரசும்.

பெட்ரோல் டியூபை எந்த நிலையில் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பழைய ரப்பர் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஒன்று கூழாகும், இல்லையென்றால் கல்லாகும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் அறைக்கு டியூப் ஏறும் துளைதான் இந்த மெஷினின் பலவீனம். அங்கே டியூப் இறுக்கமாக அடைத்திருக்க வேண்டும். தளர்ந்திருந்தால் மெஷினைச் சாய்க்கும்போது பெட்ரோல் மேலே வந்து ஃபில்டர் அறையை நனைக்கும். துளையைவிடச் சற்றே தடிமனான டியூபை எடுத்து, நுனியைக் கூர்மையாகச் சாய்த்து வெட்டி, சோப்பு நீர் தடவி, நோஸ் பிளேயரால் இழுத்தால் நன்றாக அடைத்து நிற்கும். இழுத்த பிறகு கூர்நுனியை வெட்டிவிடுங்கள். டேங்குக்குள் தொங்கும் முனையில் புது ஃபில்டர்; மெஷினை எப்படித் திருப்பினாலும் அது டேங்கின் அடிமூலையைத் தொட வேண்டும், டியூப் நீளத்தை அதற்கேற்ப வையுங்கள்.

டேங்கில் துரு எடுக்க வினிகர் ஊற்றும் வழக்கம் இரும்பு டேங்குக்குச் சரி. இங்கே அதைச் செய்தால் அமிலம் மெக்னீசியத்தைக் கண்ணெதிரே கரைக்கும். புது பெட்ரோலையும் ஒரு பிடி சிறு நட்டுகளையும் போட்டுக் குலுக்கி எடுங்கள். நட்டுகளை எண்ணிப் போட்டு, எண்ணி எடுங்கள்.

கார்புரேட்டர் பெரும்பாலும் டில்லட்சன் எச்எஸ் வகை. சில மெஷின்களில் வால்ப்ரோ எஸ்டிசி இருக்கும். வாங்கும் முன் உடலில் பொறித்த எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். எச்எஸ் வகைக்கான டயஃப்ரம், கேஸ்கட், ஊசி எல்லாம் அடங்கிய கிட் இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. பிரிக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டயஃப்ரமும் கேஸ்கட்டும் இடம் மாறிப் பூட்டியதால் ஓடாமல் போகும் கார்புரேட்டர்கள் அதிகம். பம்ப் பக்கத்து மூடிக்கு அடியில் விரல் நகத்தைவிடச் சிறிய சல்லடை ஒன்று இருக்கும். அது அடைத்திருந்தால் மெஷின் ஐட்லிங்கில் ஓடும், முடுக்கினால் சாகும். பெட்ரோலை அளந்து விடும் ஊசியைத் தூக்கும் மீட்டரிங் லீவர், அறையின் தரை மட்டத்துக்குச் சமமாக நிற்க வேண்டும். உயர்ந்து நின்றால் பெட்ரோல் வழிந்து பிளக் நனையும். தாழ்ந்தால் பட்டினியில் ஓடி பிஸ்டன் சூடாகும். கிட்டில் வரும் புது ஊசியைப் போட்டதும் ஊசிமுனை அடைக்கிறதா என்று டியூப் வழியாக ஊதிச் சோதியுங்கள்.

கார்புரேட்டரை மறுபடி மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெட்ரோல் பம்பை இயக்குவது கிராங்க் அறையின் காற்றழுத்தத் துடிப்பு. அது கேஸ்கட்டில் உள்ள சிறு துளை வழியாகத்தான் வருகிறது. கேஸ்கட்டைத் தலைகீழாக மாட்டினால் அந்தத் துளை மூடிக்கொள்ளும். கிட், டியூப், ஃபில்டர் எல்லாம் புதிதாக இருந்தும் பெட்ரோல் ஏறாது.

காற்றுக் கசிவு

பலர் கார்புரேட்டரோடு வேலை முடிந்தது என்று நினைத்து விட்டுவிடும் இடம் இதுதான். நன்றாகக் கிளம்பிய மெஷின் ஒரு மாதத்தில் சீஸ் ஆவதும் இதனால்தான். எக்ஸ்எல்-12-இல் வெளிக்காற்று நுழைய மூன்று வழிகள்: ரீட் கூட்டின் கேஸ்கட், கிராங்கின் இரு பக்க ஆயில் சீல்கள், சிலிண்டர் அடி கேஸ்கட். அறிகுறிகள் தெளிவானவை. முடுக்கை விட்டதும் வேகம் உடனே இறங்காமல் தொங்கும். ஐட்லிங் தானாக ஏறி இறங்கும். கார்புரேட்டரின் எல் திருகைத் (குறைந்த வேகக் கலவைக்கானது) திருப்பினாலும் பெரிய மாற்றம் தெரியாது.

அழுத்தச் சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். புகைத்துளையையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் தகடு வைத்து அடைத்து, பிளக் துளை வழியாகக் கைப்பம்பால் 7 பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். சோப்பு நீர் தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும். அதோடு நிறுத்தாமல் வெற்றிடச் சோதனையும் செய்யுங்கள். சீலின் உதடு அழுத்தத்தில் ஒட்டிக்கொண்டு நல்லது போல நடிக்கும், உறிஞ்சும்போதுதான் விட்டுக்கொடுக்கும். கல்லாக இறுகிய சீலுக்கு வேறு வைத்தியம் இல்லை, மாற்றத்தான் வேண்டும். கிளட்ச் பக்கத்துச் சீலை எட்ட கிளட்சைக் கழற்ற வேண்டும். அதன் திரெட் இடது சுற்று: கடிகார முள் போகும் திசையில் திருப்பினால்தான் கழலும். வழக்கம் போலத் திருப்பி முழு பலத்தையும் காட்டினால் கிராங்க் திரெட் போய்விடும்.

ரீட் இதழ்கள் பிரமிடு வடிவக் கூட்டில் படிந்திருக்கும். நுனி உடைந்ததா, வளைந்ததா என்று வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை இடைவெளி பரவாயில்லை. மடங்கிய இதழ் இருந்தால் மெஷின் கார்புரேட்டர் வாய் வழியாகவே பெட்ரோலைத் திருப்பித் துப்பும்.

சிலிண்டர் உள்சுவர் குரோமியப் பூச்சு. பிஸ்டன் உரசி அலுமினியம் ஒட்டியிருந்தால், காட்டன் பட் நுனியில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தொட்டு அந்த இடத்தில் மட்டும் தடவுங்கள். நுரைத்து நின்றதும் துடைத்து, சமையல் சோடா கரைசலால் கழுவுங்கள். சிலிண்டரைத் தனியாகக் கழற்றிய பிறகே இந்த வேலை. ஒரு சொட்டும் மெக்னீசியத்திலோ புகைத்துளை ஓரத்து வெற்று அலுமினியத்திலோ படக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், வேலை திறந்தவெளியில். குரோமியமே பெயர்ந்து அடி உலோகம் தெரிந்தால் அந்த சிலிண்டரை விட்டுவிடுங்கள்.

கலவையும் டியூனிங்கும்

பழைய கையேட்டில் 16-க்கு 1 என்று இருக்கும். அது அன்றைய ஆயிலுக்குச் சொன்னது. இன்றைய நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயிலில் 32-க்கு 1 போதும்: லிட்டருக்கு 31 மி.லி. எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் அதையே ஊற்றுங்கள்.

எல், எச் (முழு வேகக் கலவைக்கானது) இரண்டு திருகுகளையும் மெதுவாக அடி வரை மூடி, ஒவ்வொரு சுற்று திறந்து தொடங்குங்கள். அடியில் இறுக்கினால் ஊசிமுனையில் வளையம் விழுந்து, அப்புறம் எந்த அளவும் நிலைக்காது. என்ஜின் நன்றாகச் சூடான பிறகே சரிசெய்ய வேண்டும். முடுக்கும்போது திணறாமல் ஏறும்படி எல். பிறகு எச்: சுமையில்லாமல் முழு வேகத்தில் ஓசை கொஞ்சம் கரகரத்துத் தடுமாற வேண்டும், மரத்தில் இறங்கியதும் அந்தக் கரகரப்பு தெளிய வேண்டும். சுமையில்லாமலே கீச்சென்று சுத்தமாக ஓடினால் கலவை வறண்டிருக்கிறது, உடனே எச்சைத் திறங்கள். காதுக்கு இனிமையாக இருக்கிறதே என்று அந்த நிலையில் விட்டுவைத்த என்ஜின்கள்தான் கோடு விழுந்த பிஸ்டனோடு விற்பனைக்கு வருகின்றன.

பத்து பதினைந்து நிமிடம் ஓடி அணைந்து, டேங்க் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று இழுத்தால் டேங்கின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. கார்புரேட்டரை மறுபடி பிரிக்கத் தேவையில்லை.

மீதி வேலைகள் சுலபம். செயின் ஆயில் பம்பைக் கட்டை விரலால் அழுத்த வேண்டும். அது ஆயில் தள்ளாவிட்டால் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மாற்றினால் சரியாகிவிடும். அறுக்கும்போது சில நொடிக்கு ஒரு முறை அழுத்துவதை மறந்தால் பார் நீலம் பூக்கும். செயினை இழுக்கும் ஸ்ப்ராக்கெட்டின் பல் அரை மில்லிமீட்டர் பள்ளம் விழுந்திருந்தால் புது செயினோடு சேர்த்து மாற்றுங்கள். ஸ்டார்ட்டர் ஸ்பிரிங்கைக் கழற்றும்போது மட்டும் முகத்தைத் தள்ளி வையுங்கள். பெயிண்ட் விஷயத்தில் என் விருப்பம், அசல் நிறமும் ஸ்டிக்கரும் ஓரளவு இருந்தால் தொடாமல் விடுவது. அடித்தே ஆக வேண்டும் என்றால் மெக்னீசியத்தைத் தேய்த்த அன்றே எபாக்ஸி பிரைமர் போடுங்கள். தேய்த்த தூள் தீப்பிடிக்கும், அதைக் கிரைண்டர் பொறிக்கு அருகில் சேர விடாதீர்கள். பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, உலர்ந்த மணல்தான்.

மரம் அறுக்கலாமா?

அறுக்கலாம். வெட்டிப் போட்ட கட்டையைத் துண்டாக்க இந்த 54 சி.சி.க்குத் தாராளமான பலம் உண்டு, தாழ்ந்த வேகத்திலும் இழுவை விடாது. ஆனால் இதில் செயின் பிரேக் கிடையாது. பார் நுனி எதிலாவது பட்டு மேலெறிந்தால் (கிக்பேக்) செயினை நிறுத்த எதுவும் இல்லை. கைப்பிடிக்கும் என்ஜினுக்கும் இடையே அதிர்வு தாங்கும் ரப்பரும் இல்லை; நீண்ட நேரம் பிடித்தால் விரல் மரத்துப்போகும், ஆண்டுக்கணக்கில் பிடித்தவர்களுக்கு விரல் வெளுக்கும் நோயே வந்திருக்கிறது. ஆகவே நிற்கும் மரத்தைச் சாய்க்கவும், ஏணியில் ஏறிக் கிளை வெட்டவும் இதை எடுக்கக் கூடாது. தரையில் கிடக்கும் கட்டை, 16 அங்குல பார், கிக்பேக் குறைந்த செயின், காலுக்கு அறுபடாத பாதுகாப்பு உடை, காதுக்கு மூடி. ஒரு டேங்க் பெட்ரோல் தீர்ந்ததும் ஓய்வு கொடுங்கள்.

வேலை முடிந்து வைக்கும்போது டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீர்ந்து தானாக அணையும் வரை ஓட விடுங்கள். பிளக் துளையில் சில சொட்டு டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு இரண்டு முறை மெதுவாக இழுத்து, கம்ப்ரஷன் இறுகும் இடத்தில் கயிற்றை நிறுத்துங்கள். அந்த நிலையில் பிஸ்டன் புகைத்துளையை மூடியிருக்கும், ஈரம் உள்ளே போகாது.